ஒரே சார்ஜில் நெல்லூர்

என் வீட்டுக்காரர் என்னைக் கேட்காமல் ஒரு கார் வாங்கினார். சாதாரணக் கார் என்றால் ஒரு வாரம் சண்டை போட்டுவிட்டு விட்டிருப்பேன். அவர் வாங்கியது கரண்டில் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார். நல்ல சிவப்பு, இரண்டே இரண்டு சீட்டு, தரையோடு தரையாகப் படுத்துக்கிடக்கும் உயரம். அதற்குள் ஏறுவது என்பது உண்மையில் இறங்குவது. வெளியே வருவதற்குத்தான் ஏற வேண்டும். எழுபத்தெட்டு கிலோ எடையோடு நான் முதல் தடவை அதிலிருந்து வெளியே வந்ததைத் தெருவே நின்று வேடிக்கை பார்த்தது.

எங்களுக்கு ராயபுரத்தில் கயிற்றுக் கடை. நைலான் கயிறு, சங்கிலி, கொக்கி என்று மீன்பிடிப் படகுக்கும் லாரிக்கும் வேண்டியதெல்லாம் மொத்த வியாபாரம். இருபத்தாறு வருஷமாக நானும் அவரும் அந்தக் கடையில்தான் குடும்பம் நடத்துகிறோம், வீடு என்பது தூங்குவதற்கு. ஒரே மகள், கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறாள். கடைக்கு ஒரு சின்ன லோடு வண்டி உண்டு, ஊரில் எல்லோரும் குட்டி யானை என்பார்களே, அது. கல்யாணம், காதுகுத்து, கோயில், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் நாங்கள் அதில்தான் போவோம். எனக்கும் அவருக்கும் நடுவில் எப்போதும் ஒரு கயிற்றுச் சுருளோ பில் புத்தகப் பையோ உட்கார்ந்திருக்கும்.

அப்படிப்பட்டவர் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், நான் கடையில் சங்கிலி எடை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், யாரோ இரண்டு வருஷம் ஓட்டிவிட்டு விற்ற காரைப் புரோக்கர் மூலமாகப் பேசி முடித்துவிட்டார். சேமிப்பெல்லாம் என்ன ஆனது என்று கேட்காதீர்கள், அது வேறு சண்டை.

“இன்னாயா இது?” என்றேன்.

“காரும்மே.”

“அது தெரியுது. எதுக்கு?”

“ஓட்டத்தான். நாலு செகண்டுல நூறு போவும்.”

“நூறு போறதுக்கு ரோடு எங்க கீது? கல்மண்டபத்துலேர்ந்து எண்ணூர் வரைக்கும் டிரெய்லரு லாரி நின்னுகினு கீது. அதுங்க நடுவுல இத்த வுட்டுகினு நாலு செகண்டாம்!”

அவர் காரின் பானட்டை வேட்டி நுனியால் துடைத்தார். அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் எரிந்தது. என் கல்யாணப் புடவைக்கு அவர் அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை.

சண்டை மூன்று நாள் ஓடியது. மூன்றாம் நாள் புரோக்கரே கடைக்கு வந்து, “ஒரு தபா சார்ஜ் போட்டா ஐநூறு கிலோமீட்டரு கண்ண மூடிகினு ஓடும்க்கா” என்று எனக்குச் சமாதானம் சொன்னார். காரோடு வந்த காகிதத்தில் வேறு ஒரு எண் போட்டிருந்தது. முழுசாகச் சார்ஜ் ஏற்றி உள்ளே உட்கார்ந்து பார்த்தால், ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் திரை நானூற்று முப்பத்தொன்று என்றது. ஒரே வண்டிக்கு மூன்று அளவு. கயிற்றுக் கடைக்காரியிடம் இதெல்லாம் நடக்குமா? நூறு மீட்டர் சுருள் என்று விற்றால் அதில் நூறு மீட்டர் இருக்க வேண்டும். தொண்ணூற்றெட்டு இருந்தால் காசிமேட்டு மீனவர்கள் கடைக்கே வந்து அந்தக் கயிற்றாலேயே நம்மைக் கட்டிப்போட்டுவிடுவார்கள்.

அப்போதுதான் நான் அந்தப் பந்தயத்தை வைத்தேன்.

“ஞாயித்துக்கெழம நெல்லூரு போறோம். போவ வர எங்கியும் சார்ஜ் போடக்கூடாது. திரும்பி நம்ம வூட்டு வாசல்ல வந்து நின்னுச்சின்னா வண்டி உன்னுது, நான் வாயே தொறக்க மாட்டேன். நடுவுல நின்னுச்சின்னா அன்னிக்கே புரோக்கருக்குப் போன் போட்டு வித்துடணும். இன்னா சொல்றே?”

“சரி” என்றார். அவர் யோசிக்கக்கூட இல்லை. போகிற தூரமும் வருகிற தூரமும் சேர்த்து முந்நூற்று ஐம்பத்திரண்டு. மாதம் ஒரு தடவை குட்டி யானையில் கயிறு எடுக்கப் போகிற ஊர், அதனால் தூரம் எங்களுக்கு மனப்பாடம். திரை சொல்வதற்கும் அதற்கும் நடுவில் எழுபத்தொன்பது கிலோமீட்டர் கையில் இருக்கிறது என்று அவருக்குத் தைரியம்.

வண்டி நடுவழியில் நிற்க வேண்டும் என்றுதான் நான் ஆசைப்பட்டேன். மறைக்க என்ன இருக்கிறது. கடைக்கு ஒரு பூட்டு வாங்குவதென்றாலும் என்னிடம் கேட்கிற மனுஷன், தனக்கென்று ஒரு பொருள் வாங்கும்போது கேட்கவில்லை. நான் ஏதோ அடுத்த கடைக்காரி மாதிரி, வண்டி வந்து நின்ற பிறகு தெரிந்துகொண்டேன். அதுதான் குத்தியது. கார் போய்விட்டால் குத்துவதும் போய்விடும் என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். கடைக் கிடங்கில் ராத்திரி முழுக்க சார்ஜ் ஏறியிருந்தது. நான் அம்பயர் என்பதால் கையில் பில் புத்தகமும் பேனாவும். எதிர் வீட்டு மீன்கார அக்கா கூடையோடு நின்று, “சத்தமே இல்லாம போவுதே, கோளாறா?” என்று கேட்டார். இல்லை, அப்படித்தான் போகும் என்று என் வீட்டுக்காரர் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். நான் மணி ஆகிறது என்று அவர் தொடையில் தட்டினேன்.

கும்மிடிப்பூண்டி தாண்டும் வரை மனுஷன் ஒழுங்காகத்தான் ஓட்டினார். அதற்கப்புறம் ரோடு அகலமாக, காலியாக, நேராக விரிந்தது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். “கெட்டியா புடிச்சிக்கோ” என்றார். எதைப் பிடிப்பது என்று நான் தேடிக்கொண்டிருக்கும்போதே மிதித்துவிட்டார்.

என் தலை பின்னால் போய் சீட்டில் ஒட்டிக்கொண்டது. வயிறு தடாவிலேயே இறங்கிவிட்டது, நான் மட்டும் சூளூர்ப்பேட்டையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தேன். கத்தினேன். கெட்ட வார்த்தைகூட ஒன்று வந்தது. சத்தமில்லாமல் அப்படி ஒரு வேகம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எங்கள் வாழ்க்கையில் வேகமாகப் போகிற எல்லாமே பயங்கரமாகச் சத்தம் போடும். அவர் காலை எடுத்ததும் வண்டி நிதானத்துக்கு வந்தது. நான் முந்தானையைச் சரி செய்துகொண்டேன். அம்பயர் மாதிரி கண்டிப்பாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

“இன்னொரு தபா பண்ணு” என்றது என் வாய்.

நாயுடுப்பேட்டைக்குள் ஐந்து தபா பண்ணினார். ஐந்தாவது தடவை நான் கத்தவில்லை, சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஐம்பது வயதில் இருவரும் காரணமில்லாமல் நெடுஞ்சாலையில் சிரித்துக்கொண்டு போனோம்.

நெல்லூரில் நாங்கள் கயிறு எடுக்கும் கடை வாசலில் நின்றதும் அம்பயர் வேலையைப் பார்த்தேன். வண்டி ஓடியது நூற்று எழுபத்தாறு கிலோமீட்டர். திரையில் மிச்சம் நூற்றுத் தொண்ணூற்று மூன்று. அதாவது நூற்று எழுபத்தாறு ஓடுவதற்கு இருநூற்று முப்பத்தெட்டைத் தின்றிருந்தது. எழுபத்தொன்பது உபரி பதினேழாக ஆகியிருந்தது.

“அஞ்சு தபா மிதிச்சது தப்பா பூடுச்சி” என்றார்.

“யாரு மிதிக்கச் சொன்னது?” என்று கேட்டுவிட்டு உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இனி நடந்ததற்கு யாரையும் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் நாங்கள் இருவருமே அதைச் செய்தோம், யோசிக்காமல் செய்தோம். லோடு வண்டிக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வெளியூர் போன வண்டி காலியாகத் திரும்பாது. சரக்கு இறக்கிய ஊரிலேயே ஏதாவது ஏற்றிக்கொண்டுதான் வரும். ரிட்டர்ன் லோடு என்போம். காலி வண்டி ஓட்டிக்கொண்டு ஊர் திரும்புகிறவனைப் பார்த்தால் மற்ற டிரைவர்கள் துக்கம் விசாரிப்பார்கள். இருபத்தாறு வருஷம் அப்படியே பழகிய கை. மீன் குழம்புச் சாப்பாட்டை முடித்து வந்ததும் அவர் பாட்டுக்குக் கயிற்றுக் கிடங்குக்குள் போனார், நான் பாட்டுக்கு அரிசி மண்டிக்குள் போனேன். அரை மணி நேரத்தில் அந்த ஸ்போர்ட்ஸ் கார், ஒரு சூட்கேஸ் வைக்க மட்டும் இடம் இருக்கிற அதன் டிக்கியில் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை இரண்டைச் சுமந்துகொண்டு நின்றது. பதினைந்து கிலோ கயிற்றுச் சுருள் ஒன்று என் காலடியில், இன்னொன்று என் மடியில். அதற்கு மேல் ஒரு டப்பா மலாய் காஜா இனிப்பு. நெல்லூர்க் கடைக்காரர் வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாங்கள் எதற்கு என்று கேட்கக்கூட இல்லை.

ஊர் எல்லை தாண்டிப் பத்து கிலோமீட்டர் வந்த பிறகு, மடியில் இருந்த சுருளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்த நான்தான் முதலில் சொன்னேன். “யோவ். நாம லோடு ஏத்திகினு வந்துட்டோம்.”

“ஆமா.”

“நாம பந்தயத்துல கீறோம்.”

அவர் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. நின்று திரும்பிக் கொண்டுபோய்க் கொடுத்தால் அதற்கே இருபது கிலோமீட்டர் போய்விடும். எண்பது கிலோ எடை ஒன்றும் பெரிதாகச் சார்ஜைத் தின்னாது, வேகமும் ஏசியும்தான் தின்னும் என்று பிறகு ஒரு மெக்கானிக் சொன்னார். அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது. ஒவ்வொரு அரிசியும் எங்கள் கழுத்தில் உட்கார்ந்திருந்தது.

மத்தியான வெயிலில் ஏசி இல்லாமல் முடியவில்லை. எதிர்க்காற்று வேறு. சூளூர்ப்பேட்டையில் பார்த்தபோது வீட்டுக்கு எண்பத்திரண்டு, திரையில் எண்பத்து நாலு. கும்மிடிப்பூண்டியில் வீட்டுக்கு நாற்பத்தெட்டு, திரையில் நாற்பத்தைந்து.

பந்தயப்படி நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ உள்ளங்கை வியர்த்தது. அவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிறவர் மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். காலையில் ஐந்து தபாவும் கூடவே சிரித்த முகம் அது. கயிற்றுச் சுருளைத் தாண்டி அந்த முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. இந்த வண்டி நிற்கக்கூடாது என்று நானே ஆசைப்படுவது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நான் கையை நீட்டி ஏசியை அணைத்தேன்.

“இன்னாம்மே, வேக்காடு தாங்குவியா?”

“நீ ரோட்டப் பாரு. அறுபதுக்கு மேல போவாத.”

அறுபதில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் நெடுஞ்சாலையில் போவது எப்படி இருக்கும் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். பஸ் எங்களை முந்தியது. வைக்கோல் லாரி முந்தியது. ஒரு குட்டி யானை முந்தியது, அதன் பின்னால் நின்றிருந்த இரண்டு ஆடுகள் எங்களை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே போயின. எனக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. “சிரிக்காத, சிரிக்காத, சார்ஜு பூடும்” என்று அவரும் சிரித்தார்.

பொன்னேரி வழியாக மீஞ்சூர் வந்தோம். வீட்டுக்கு இருபத்தேழு, திரையில் இருபத்தைந்து. ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தச் சொன்னேன். டிக்கியைத் திறந்து அவரை ஒரு மூட்டையைத் தூக்கச் சொன்னேன், நான் ஒன்றை இழுத்தேன். கடையில் இருந்த அம்மாவிடம், “இந்தாங்க, நெல்லூரு அரிசி, வச்சிக்கோங்க” என்றேன்.

அந்த அம்மா அரிசியைப் பார்த்தார், சிவப்புக் காரைப் பார்த்தார், வியர்த்து ஊற்றும் எங்கள் இருவரையும் பார்த்தார். “இன்னா, எலெக்ஷன் வருதா?” என்று கேட்டார்.

“வரலக்கா. வெயிட்டு ஜாஸ்தி, அதான்.”

“எந்தக் கட்சி?”

“கட்சியெல்லாம் இல்லக்கா.”

“அப்ப எனுக்கு வேணாம். அப்பால வந்து நின்னுகினு கேப்பீங்க.” கடைசியில் இரண்டு டீ குடித்து, அரிசிக்கு ஈடாக அந்த அம்மா அதற்குக் காசு வாங்காமல் விட்ட பிறகுதான் மூட்டைகள் கடைக்குள்ளே போயின. வாழ்க்கையில் ஒரு அடி கயிறு இனாமாகக் கொடுக்காதவள் நான். கல்யாண வீட்டுக்காரர்கள் பந்தல் கட்டக் கேட்டால்கூட அளந்து பில் போட்டுத்தான் கொடுப்பேன். ஐம்பது கிலோ அரிசியை ரோட்டோரம் கொடுத்துவிட்டுக் காரில் இறங்கி உட்கார்ந்தபோது எனக்குப் பறக்கிற மாதிரி இருந்தது.

எர்ணாவூர் மேம்பாலத்தில் ஏறும்போது வீட்டுக்குப் பதினொன்று, திரையில் எட்டு. பாலத்தின் உச்சிக்கு வந்ததும் அவர் கை தானாகவே நியூட்ரலுக்குப் போனது. இறக்கத்தில் நியூட்ரல் போட்டு டீசல் மிச்சம் பிடிப்பது அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி. அன்று காலையிலிருந்து வந்த ஒவ்வொரு பாலத்திலும் அதைத்தான் செய்திருந்தார். ஆனால் நான் முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் அந்தத் திரையையே முறைத்துக்கொண்டு வந்தவள். அவர் கியரில் வைத்தபடி காலை எடுக்கிற போதெல்லாம் ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு எரியும், சார்ஜ் திரும்ப உள்ளே போகும். நியூட்ரல் போட்டால் எரியாது. பாலத்தின் அடியில் பிரேக் லைட்டுகள் வரிசையாகச் சிவந்திருந்தன, எப்படியும் நிற்கத்தான் போகிறோம். நான் பட்டென்று அவர் கையில் ஓர் அடி வைத்தேன்.

“நியூட்ரல் போடாத! இறக்கத்துல அது சார்ஜ் புடிக்குது!”

கையை எடுத்துவிட்டார். பச்சைக் கோடு பாலம் இறங்கும் வரை எரிந்தது. கீழே வந்து நின்றபோது எட்டு ஒன்பதாக மாறியிருந்தது. இருபத்தாறு வருஷத்தில் அவர் வண்டி ஓட்டுவதில் நான் சொல்லி அவர் கேட்ட முதல் விஷயம் அது.

அங்கிருந்து கடலோர எக்ஸ்பிரஸ் ரோட்டில் துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் லாரிகள், மணலியிலிருந்து வந்து சேர்ந்த டேங்கர்கள் எல்லாம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நின்றன. முன்னால் ஒரு கண்டெய்னர், பின்னால் ஒரு கண்டெய்னர், நடுவில் அவற்றின் சக்கரம் உயரத்துக்கு நாங்கள். ஏசி இல்லை, ஜன்னல் திறந்திருக்கிறது, மணலி எண்ணெய் ஆலை வாசனை முழுக்க உள்ளே. பக்கத்து டிரெய்லர் டிரைவர் மேலேயிருந்து குனிந்து பார்த்தார்.

“இன்னா மாமு, புது வண்டியா? குழிக்குள்ள உட்காந்துகினு கீற?”

காஜா டப்பாவை முன்னால் வைத்துவிட்டு, என் மடியில் இருந்த சுருளை ஜன்னல் வழியாக நீட்டினேன். “லோடு கட்ட வச்சிக்கோங்க அண்ணே. நல்ல கயிறு. கீழ இன்னொன்னு கீது.”

“ஓசியா?” அவர் இரண்டு சுருளையும் வாங்கிக்கொண்டு, சந்தேகத்தோடு ஒரு முனையை இழுத்துப் பார்த்தார். “நல்லாத்தான் கீது” என்றார்.

மடியும் காலும் காலியானதும்தான் நான் திரையைக் கவனித்தேன். அரை மணி நேரமாக நகர்ந்தும் நின்றும் வந்திருக்கிறோம், ஒரு கிலோமீட்டருக்கு மேல் வந்துவிட்டோம், எண் குறையவில்லை. ஒன்பதே காட்டியது. ஊர்ந்து போகிறபோது இந்த வண்டி ஒன்றுமே தின்னவில்லை. நின்றால் சுத்தமாகத் தின்னவில்லை. அடுத்த அரை மணியில் இன்னொரு கிலோமீட்டர் நகர்ந்தோம். மெதுவாகப் போகப் போகத் திரையே தன் கணக்கைத் திருத்திக்கொண்டு பத்து என்றது.

“ஏறுதுயா! கிலோமீட்டரு ஏறுது!” என்று நான் கத்தியதில் டிரெய்லர் டிரைவர் பதறிப்போய் எட்டிப் பார்த்தார். அவருக்கு விஷயத்தை விளக்கினேன். அவர், “நான் டீசல ஊத்திகினு காலைலேர்ந்து பேஜாரா குந்திகினு கீறேன். உனுக்கு ஜாம்ல லாபமா? இன்னா வண்டிக்கா இது!” என்று தன் பின்னால் நின்ற டிரைவருக்குக் கத்திச் சொன்னார். அவர் தனக்குப் பின்னால் இருந்தவருக்குச் சொன்னார். அந்த ரோட்டில் அன்று எல்லோரும் ஜாமைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இருவர் மட்டும் கும்பிட்டுக்கொண்டிருந்தோம். பிறந்ததிலிருந்து இந்த ரோட்டையும் இந்த லாரிகளையும் திட்டித்தான் எனக்குப் பழக்கம். அன்றைக்கு ஒவ்வொரு கண்டெய்னரையும் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது.

பிறகு, திருவொற்றியூர் நெருங்கும்போது, ஜாம் விட்டுவிட்டது. “ஐயோ, வுட்டுடுச்சே” என்று தலையில் கை வைத்தவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

வீட்டுக்கு எட்டு. திரையில் பத்து. கணக்கு முதல் தடவையாக எங்கள் பக்கம். லாரிகள் இடது ஓரமாக ஒதுங்கிக்கொண்டன. எங்களுக்கு முன்னால் ரோடு காலியாகக் கிடந்தது. இடது பக்கம் லாரிகளுக்கு நடுவில் கடல் துண்டு துண்டாக மின்னியது. காற்று வந்து வியர்வையில் பட்டதும் உடம்பெல்லாம் குளிர்ந்தது. இரண்டு கிலோமீட்டர் உபரியாக இருக்கிறதே, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குள் இருந்த வியாபாரி யோசித்தாள்.

“ஒரே ஒரு தபா” என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “நெஜமாவா?”

“ரெண்டு உபரி கீதுல்ல? ஒண்ணு எடுத்துக்கோ.”

எடுத்துக்கொண்டார். நூறெல்லாம் இல்லை, ரோட்டுக்கு ஏற்ற அளவுதான், மூன்று செகண்டுகூட இருக்காது. இரண்டு பேரும் சேர்ந்து கத்தினோம். சந்தோஷமாக இருந்தது, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கத்தி முடித்துத் திரையைப் பார்த்தபோது அதில் ஐந்து என்று இருந்தது.

நாங்கள் எடுத்தது ஒன்று, போனது ஐந்து. வீட்டுக்கு ஏழே முக்கால். காசிமேட்டைத் தாண்டும்போது திரையில் ஓர் ஆமைப் படம் வந்தது. உண்மையாகவே ஆமை. எவ்வளவு மிதித்தாலும் இனி மெதுவாகத்தான் போவேன் என்பதற்கு அடையாளமாம். எங்களை ஒரு சைக்கிள் முந்தியது. எண் பூஜ்யம் ஆன பிறகும் வண்டி ஓடியது, ஒவ்வொரு மின்கம்பமாக நான் எண்ணிக்கொண்டு வந்தேன். எங்கள் தெருவுக்குள் திரும்பினோம். வாசல் தெரிந்தது. இருபது வீடு பாக்கி இருக்கும்போது, ஒரு சத்தமும் இல்லாமல், வண்டி நின்றுவிட்டது.

தெருவில் வெளிச்சம் இன்னும் இருந்தது. வீட்டு வாசல்களில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். கடைசியாக மிதிக்கச் சொன்னது யார் என்று அவர் சொல்லவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

“இன்னா பண்றே?”

“புரோக்கருக்குப் போன் போடறேன். சொன்னா சொன்னதுதானே. வித்துடலாம்.”

எனக்கு வந்த கோபம் கார் வந்து நின்ற அந்தச் செவ்வாய்க்கிழமைகூட வந்ததில்லை. “யாரைக் கேட்டு விக்கிறே?”

“நீதானேம்மே பந்தயம் வச்சே?”

“பந்தயம் வச்சேன். இப்ப விக்கலாமான்னு என்னைக் கேட்டியா? வாங்கும்போதும் கேக்கல, விக்கும்போதும் கேக்கமாட்டியா? நான் யாரு இந்த வண்டியில?”

என் சத்தத்துக்குத் தெருவே வந்து சுற்றி நின்றது. அவர் போனைப் பார்த்துக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். “கேட்டிருந்தா நீ வேணாம்னு சொல்லியிருப்பே. நீ வேணாம்னா நான் வாங்கியிருக்க மாட்டேன். அதான் கேக்கல.”

ஒரு தடவை ஏலகிரிக்குப் போகலாமா என்று கேட்டார், ஸ்டாக் எடுக்கணும் வேணாம் என்றேன். கல்யாண நாளுக்கு ஸ்டூடியோவில் போட்டோ எடுக்கலாமா என்றார், எதுக்கு வேணாம் என்றேன். மகளைப் பார்க்க ரயிலில் ஏசியில் போகலாமா என்றார், வேணாம் என்றேன். ஒன்றுகூட அவர் மறுபடி கேட்டதில்லை. கேட்காத மனுஷன் என்று நான் ஐந்து நாளாகத் திட்டிக்கொண்டிருந்தவர், இருபத்தாறு வருஷம் கேட்டுக்கேட்டு ஓய்ந்துபோனவர். கண் கரித்தது. மணலி காற்று என்று சொல்லலாம், ஆனால் அங்கே மணலி காற்று வருவதில்லை.

“இப்ப கேளு” என்றேன்.

“இன்னா?”

“கேக்கச் சொல்றேன், கேளுயா.”

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் முன்னால், ஏதோ பெண் கேட்க வந்தவர் மாதிரி கூச்சத்தோடு கேட்டார். “வித்துடலாமா?”

“வேணாம்” என்றேன்.